பையை மட்டும் கேட்காதீர்கள்

...மேலே வைக்க மாட்டேன் என்றால் மாட்டேன்தான், அந்தக் கம்பித் தட்டில் ஏற்கெனவே தேங்காய் மூட்டை, பக்கத்தில் யாருடையதோ ஒரு தூக்குவாளி, அதிலிருந்து மோரோ குழம்போ சொட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே கொண்டுபோய் என் போட்டோ பிரிண்டரை வைக்க வேண்டுமாம். இந்தக் கண்டக்டருக்குச் சொன்னால் ஏறாது. "இன்னாம்மா, ஆளு நிக்கவே எடமில்ல, பொட்டியக் கட்டிப் புடிச்சினு நிக்கிற, அந்த என்ஜின் மேல வையேன்" என்கிறார். என்ஜின் மேலாம்! அடுப்பில் வை என்று நேராகவே சொல்லிவிடலாமே. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து விழுங்கிக்கொண்டேதான் வருகிறேன். அமாவாசைக் கூட்டம், பஸ் முழுக்க மஞ்சள் புடவையும் வேப்பிலையும், எல்லாரும் மேல்மலையனூருக்கு அம்மனைப் பார்க்கப் போகிறார்கள், நான் ஒருத்திதான் தொழிலுக்குப் போகிறேன், ஒரு கையில் பை, ஒரு கையில் என் மகள் அனு, கம்பியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவேன்?

பெரிய மனுஷன், என் வீட்டுக்காரர் சேரன், காலையிலேயே கேமராவையும் மடக்கு மேஜையையும் பைக்கில் கட்டிக்கொண்டு கோயில் வாசலில் போட்டோக் கடைக்கு இடம் பிடிக்கப் போய்விட்டார். "நீ பஸ்ஸுல வா மணி, உக்காந்து மடியில வெச்சுக்கோ, யாரு கையிலயும் குடுத்துடாத, மெஷின் பத்திரம்." உட்கார்ந்து வர வேண்டுமாம்... அமாவாசை பஸ்ஸில் எனக்காக சீட்டைத் துடைத்து வைத்திருக்கிறார்களா? முந்தின மெஷினை பெட்ரோல் டேங்க் மேல் கட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் தூக்கிப் போட்டுப் பாழாக்கியது யார்? அன்றைக்கு எடுத்த போட்டோ எல்லாவற்றிலும் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, மொட்டை போட்ட குழந்தையின் படத்தைப் பார்த்துவிட்டு அதன் அம்மா, "இத வூட்ல மாட்டுனா வெளங்குமா" என்று மேஜை மேலேயே வீசிவிட்டுப் போனாள். அதற்குத் திட்டு வாங்கியது யார்? நான். நான் சரியாகக் கட்டவில்லையாம்! இதுவும் போனால் கடையே இல்லை, அது எனக்குத் தெரியாதா, அதனால்தானே படத்துக்குக் கலர் ஏற்றுகிற ரிப்பனைத் தனியாகக் கழற்றி, ஒரு தூசி படாமல் அனுவின் டிபன் பாக்ஸில் வைத்து மூடினேன், பேட்டரியை என் கைப்பையில் போட்டேன், பிரிண்டரை அனுவின் பழைய கம்பளியில் சுற்றி, ஓரமெல்லாம் பஞ்சு அடைத்து, ஈரம் இழுக்க செருப்புப் பெட்டியில் வருகிற அந்தச் சின்னப் பொட்டலங்களைக்கூடச் சேர்த்துவைத்துப் போட்டேன். "அது என்னுது, என் டப்பா" என்று அனு அழுதாள், முதுகில் ஒன்று வைத்தேன். இவ்வளவையும் செய்தவளிடம், குழந்தையையும் வைத்துக்கொண்டு எப்படி வருவாய் என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்டாரா? மெஷின் பத்திரம், மெஷின் பத்திரம். நான் எக்கேடு கெட்டால் என்ன.

சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் புடவையை இழுத்து, "பையக் குடும்மா, மடியில வெச்சிக்கிறேன்" என்றது. நல்ல மனசுதான், ஆனால் கால் இடுக்கில் வேப்பிலைக் கட்டு, கையில் தண்ணீர் பாட்டில், மூடி சரியாகத் திருகியிருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. வேணாங்க்கா, ஒடையற சாமான் என்றேன். "நான் இன்னா தின்னுடவா போறேன்?" எனக்குச் சுர்ரென்று ஏறியது, இந்தப் பையை மட்டும் ஏன் எல்லாரும் கேட்கிறீர்கள்? "செரி, புள்ளையையாவது குடு, நசுங்குது பாரு." கொடுத்தேன். எந்த ஊர், என்ன பெயர், ஒன்றும் கேட்கவில்லை, அனு அந்த மடியில் ஏறி உட்கார்ந்ததும் அப்பாடா என்றிருந்தது, இரண்டு கையாலும் பையை அணைத்துக்கொண்டேன். வளத்தியில் ஒரு கும்பல் முண்டியடித்து ஏறி என்னைப் பின்வாசல் வரைக்கும் தள்ளிவிட்டது. முன்னால் தலைகள் மட்டும்தான் தெரிந்தன. ஒரு ஆள் முழங்கையால் பையை இடித்தான், கண்ணு தெரியலையா என்று கத்தினேன், "அவ்ளோ பெரிய சீமாட்டி காரு வெச்சினு போவ வேண்டியதுதான" என்றான், நாலு பேர் சிரித்தார்கள். சிரியுங்கள். போனதும் சேரனிடம் கேட்கப் போகிறேன், உன் மெஷினைத் தூக்கத்தான் என்னைக் கட்டினாயா என்று முகத்துக்கு நேராகக் கேட்கப் போகிறேன், எப்படி ஆரம்பிப்பது, எந்த வார்த்தையில் அவருக்கு உறைக்கும் என்று ஊர் வரும் வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மேல்மலையனூரில் பின்வாசல் வழியாகக் கூட்டம் என்னைத் துப்பியது. ஓரமாக ஒரு புளியமரத்தடியில் குத்துக்காலிட்டு முதலில் ஜிப்பைத் திறந்தேன், கம்பளியைப் பிரித்தேன், லேசாக அசைத்துப் பார்த்தேன், உள்ளே எதுவும் குலுங்கவில்லை, டிபன் பாக்ஸைத் திறந்தேன், ரிப்பனில் ஒரு சுருக்கம் இல்லை, வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் மூடிப் பையைத் தூக்கும்போது போன் அடித்தது, சேரன்தான். எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அவர் வாயைத் திறக்குமுன், சேர்த்து வைத்திருந்த கோபம் மொத்தத்தையும் போட்டு, "ஒம் மெஷினுக்கு ஒண்ணும் ஆவல, போதுமா?" என்றேன். "அது கெடக்குது மணி... பாப்பா எங்க? சத்தமே காணோம்?"

பாப்பா. ஐயோ. பஸ் இன்னும் நிற்கிறதா, எந்தப் பஸ், எல்லாம் ஒரே நிறத்தில் நிற்கின்றன, அந்த அம்மாவின் முகம் எப்படி இருந்தது, மஞ்சள் புடவை, எல்லாரும்தான் மஞ்சள் புடவை... "ஏம்மா, இங்கயா நிக்கிற? புள்ளையப் பெத்தவ நீதான? பஸ்ஸ சுத்திச் சுத்தி வந்துட்டேன்." அந்த அம்மாதான். தோளில் அனு வாயைத் திறந்தபடி தூங்குகிறாள், முன்வாசலில் இறங்கி, நான் பின்வாசல் பக்கம் பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பேன் என்று நம்பி வந்திருக்கிறது அந்த மனுஷி. காதில் சேரன், "பாப்பா எங்கடி, சொல்லித் தொல" என்று கத்துகிறார், கத்தட்டும், அவரைக் கேட்பதற்காக வழியெல்லாம் சேர்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது அவருக்குப் பொருந்தவில்லை, பிறகு யாரைக் கேட்பது? "தூக்கத்துல இருக்குது, ரெண்டு கையாலயும் வாங்கு. அந்தப் பைய இப்பிடிக் குடு" என்று அந்த அம்மா ஒரு கையை நீட்டுகிறது. கொடுக்க வேண்டியதுதான், கொடுத்தால்தான் அனுவை வாங்க முடியும், தெரிகிறது, ஆனாலும் என் விரல்கள் பையின் வாரை இன்னும் விடவில்லை.