காலுக்கு வரி

"வாப்பா, அந்த மாமாட கால் போனதுக்கும் அவரேயா வரி கட்டணும்? காலை எடுத்தவங்க கட்டமாட்டாங்களா?"

கடை மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஸம்றா இப்படிக் கேட்டுப் பல மாதங்களாகிவிட்டன. "உனக்கு விளங்காது மகள், எழுது" என்று ஸஹீத் அன்றைக்கு அவள் வாயை அடைத்துவிட்டான். கேட்டவள் அதை அன்றே மறந்துவிட்டாள். அவனுக்குத்தான் மறக்க முடியவில்லை.

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் ஸஹீதுக்கு ஒரு சின்னக் கடை. போட்டோ கொப்பி அடிப்பான், படிவம் நிரப்புவான், அரச கந்தோர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பான். பாண்டிருப்பு மீனவர் தங்கராசாவை லொறி மோதி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தபோது நட்டஈட்டுக்காக அலைந்தவன் அவன்தான். அதுவரை எல்லாம் நேர்மையாகவே நடந்தது. பேசிய கூலியைத் தங்கராசா குறைவில்லாமல் கொடுத்தார். ஆனால் நட்டஈடு கைக்கு வந்த நாளில் ஸஹீதின் மனம் இடறிவிட்டது. "பத்துல ஒண்டு வரி கட்டணும் அண்ண. என்னட்டத் தாங்க, நான் கட்டி விடுறன்" என்றான். காயத்துக்குக் கிடைக்கும் நட்டஈட்டுக்கு வரி இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தங்கராசாவுக்குத் தெரியாது. அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதுதான் ஸம்றா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அந்தக் காசோடு கொஞ்சம் போட்டு ஸஹீத் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினான். பழையதுதான், ஆனால் நல்ல ஓட்டம். ஸம்றா அதன் முன்விளக்குக்கு மேலே ஒரு வண்ணத்துப்பூச்சிப் படத்தை ஒட்டிவிட்டாள்.

அந்த மோட்டார் சைக்கிள்தான் ஒரு வெள்ளிக்கிழமை காணாமல் போனது.

ஜும்ஆத் தொழுகை நேரத்தில் பள்ளிவாசலுக்குப் போகும் குறுகிய ஒழுங்கையில் வாகனங்கள் இடுக்கில்லாமல் நிற்கும். உள்ளே நிற்பதை எடுக்க வெளியே நிற்பதை நகர்த்த வேண்டும். அதனால் அங்கே யாரும் ஹேண்டிலைப் பூட்டுவதில்லை. பலர், ஸஹீதும்தான், சாவியைக்கூட வண்டியிலேயே விட்டுவிட்டுத் தொழப் போவார்கள். தொழுகை முடிந்து முதலில் வருபவர் மற்றவர் வண்டியைக் கவனமாக ஒதுக்கி வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போவார். அந்த நம்பிக்கைக்குள் எவனோ கை வைத்துவிட்டான்.

"பள்ளி வாசல்லயே களவெடுக்கிறானுகளே, இவனுகளுக்கு ஈமான் இருக்கா?" என்று ஒருவர் கத்தினார். "நம்பி விட்ட சாமான்ல கை வைக்கிறவன் மனுசனா?" என்றார் இன்னொருவர். எல்லாரும் ஸஹீதுக்காகத்தான் கோபப்பட்டார்கள். அவனோ தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

பொலிஸில் முறைப்பாடு எழுதினான். கடையைப் பூட்டிவிட்டுக் கூட்டாளி றிஷாட்டின் பின்னால் ஏறிச் சாய்ந்தமருது வரைக்கும் ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினான். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. உட்காருவான், எழும்புவான், வாசலை எட்டிப் பார்ப்பான்.

மனைவி நதீரா ஆறுதல் சொன்னாள். "ஏன் இப்பிடித் துடிக்கிறீங்க? ஹலாலான காசுல வாங்கின சாமான். அல்லாஹ் கைவிடமாட்டான்."

அதைக் கேட்டதும் அவன் குடிக்காத தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினான்.

மறுநாள் காலையில் றிஷாட் தொலைபேசியில் அழைத்தான். "மச்சான், உன்ட பைக்கைக் கண்டிட்டன்! மீன் வாங்கப் போன இடத்துல, தங்கராசா அண்ணன்ட வளவுக்குள்ள நிக்கிது. படங்கு போட்டு மூடியிருக்கு, ஆனா அந்த வண்ணத்துப்பூச்சி வெளியில தெரியுது. பொலிஸக் கூட்டிட்டுப் போவமா?"

ஸஹீத் அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிட்டான்: தங்கராசாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது. யாரோ சொல்லிவிட்டார்கள். தன் காசில் வாங்கிய வண்டியை அவரே ஆள் வைத்து எடுத்துவிட்டார். இப்போது பொலிஸ் போனால் அவர் வாயைத் திறப்பார். ஊர் கேட்கும். ஸம்றா கேட்பாள்.

"வேணாம் மச்சான். ஒருத்தருக்கும் சொல்லாத. நான் தனியப் போறன்."

பாண்டிருப்பு வரைக்கும் நடந்தே போனான். என்ன பொய் சொல்வது, எந்தக் காலில் விழுவது என்று வழி முழுக்க மனம் ஓடியது.

தங்கராசா முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் சிரித்தார். "வாங்க தம்பி! நேத்துப் பின்னேரம் உங்கட கடைக்கு வந்தன், பூட்டிக் கிடந்திச்சு. உங்கட நம்பரும் என்னட்ட இல்ல. கரையில தோணிக்குப் பின்னால உங்கட பைக்கை ஆரோ போட்டிட்டுப் போயிட்டானுகள். பெற்றோல் முடிஞ்சிருக்கு. கள்ளனுக்குக்கூட நீங்க ஒரு போத்தல் மிச்சம் வைக்கல்லயே!"

"வண்டி என்டது எண்டு எப்பிடித் தெரியும் அண்ண?" என்று ஸஹீத் கேட்டான்.

"இதென்ன கதை? போன மாசம் மழைக்குள்ள இதுலதானே என்னை ஏத்திட்டு வந்து வாசல்ல விட்டீங்க. அத மறப்பனா? மணலுக்குள்ள இழுத்து வாறதுக்குள்ள இவள்ட இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"ஒரு கையால ஊண்டுகோல், மறு கையால ஹேண்டில்" என்று குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி கனகாம்பிகை சொன்னாள். "தள்ளினது நான். பேர் மட்டும் அவருக்கு!"

தங்கராசா இடுப்புச் சாரத்து முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து நீட்டினார். "உப்புக்காத்துப் புடிச்சா துருப்பிடிக்கும். அதான் மூடி வச்ச."

ஸஹீத் சட்டைப்பையில் இருந்த காசு முழுவதையும் எடுத்து அவர் கையில் திணித்தான். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன தம்பி இது? உங்கட சாமானை உங்களுக்குத் தாறதுக்கு எனக்கென்ன பங்கு?"

ஸஹீத் காசைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தான். பார்வை எங்கேயோ அலைந்து, வேலியோரம் நின்ற நாலு தூண்களில் போய் நின்றது. மேலே கூரை இல்லை.

அதைக் கண்ட தங்கராசா சொன்னார். "கருவாட்டுக் கடை போடுவம் எண்டு தொடங்கின. கடலுக்குப் போக ஏலாதே. வரி கட்டினதுல தகரம் வாங்கக் காசு பத்தாமப் போச்சு. பரவாயில்ல, ஆறுதலாப் போடுவம்."

அன்றே ஸஹீத் மோட்டார் சைக்கிளை விற்றான். தங்கராசாவிடம் எடுத்த தொகைக்குக் குறைந்ததை வீட்டுச் சேமிப்பிலிருந்து போட்டான். ஏன் விற்றாய் என்று நதீரா கேட்டபோது ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அவனைத் திரும்பிப் பார்க்காமல் எழும்பிப் போனாள். பிறகு ஒரு துணியை எடுத்து வந்து காசைத் தானே சுற்றிக் கொடுத்தாள். ஸம்றாவையும் பக்கத்தில் இருத்தினான். "அண்டைக்கு நீ கேட்டாயே மகள். அந்த மாமாட காலுக்கு வரி இல்ல. வாப்பா பொய் சொன்ன."

மறுநாள் அதிகாலை சுபஹு தொழுதுவிட்டுக் கடற்கரை வழியாக நடந்தான். தோணிகள் கடலுக்குப் போய்விட்டிருந்தன. தங்கராசா தனியாக மணலில் இருந்தார். ஸஹீத் பொட்டலத்தை அவர் மடியில் வைத்தான்.

"அண்ண, இது உங்கட காசு. காயத்துக்குக் கிடைச்ச நட்டஈட்டுக்கு வரி இல்ல. நான்தான் எடுத்த. ஒழுங்கையில பைக்கை எடுத்தவனை எல்லாரும் கள்ளன் எண்டாங்க. அவன் ஒரு சாமானைத்தான் எடுத்தான். உங்கட நோவையும் நம்பிக்கையையும் சேத்து எடுத்த என்னை ஒருத்தரும் கள்ளன் எண்டு சொல்லல்ல. இனிமே ஆரும் வரி எண்டு காசு கேட்டா, அது நானா இருந்தாலும், பற்றுச்சீட்டைக் காட்டு எண்டு கேளுங்க அண்ண."

தங்கராசாவின் முகம் கறுத்தது. பொட்டலத்தைத் தூக்கி மணலில் போட்டார். "என்ட காலைப் பாத்துக்கொண்டா இதச் செஞ்ச நீ?" என்றார். பிறகு கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். ஸஹீத் அசையாமல் நின்றான்.

கடலைப் பார்த்தபடியே அவர் கேட்டார். "பைக் எங்க?"

"வித்திட்டன்."

"நடந்தா வந்த?"

"ஓம் அண்ண."

அவர் பொட்டலத்தை எடுத்து மணலைத் தட்டி மடியில் கட்டிக்கொண்டார். எண்ணிப் பார்க்கவில்லை. எழும்ப முயன்றார். ஊன்றுகோல் ஈரமணலில் புதைந்து சரிந்தது. ஸஹீத் கையை நீட்டினான். அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கைகொடுக்க அந்த நேரத்தில் கரையில் வேறு ஒருவரும் இருக்கவில்லை.