கன்னத்தில் ஒரு கல்கண்டு

1

இந்தக் கதை பக்தியில் பிறந்ததல்ல, எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாதா கோயிலின் பங்கு மலருக்காக, கவனத்தோடு கடவுளைத் துதிப்பது பற்றிக் கட்டுரை கேட்டார்கள். "துதி என்பது உதட்டில் தொடங்கி" என்று எழுதினேன். வேறு யாரிடமெல்லாம் கட்டுரை கேட்டிருப்பார்கள், யாருடையது முதல் பக்கத்தில் வரும் என்று மனம் கிளம்பிவிட்டது. கடவுளைப் பற்றி எழுத உட்கார்ந்தவனுக்கு அரை வரிக்குள் இந்தக் கதி. கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். என் வியாதியை ஒரு பெண்ணுக்குக் கொடுத்து, அவளை 1952ஆம் வருடத்துக் காரைக்காலுக்கு அனுப்பிவிட்டேன். அப்போது அங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி, கோயிலில் லத்தீன் பூசை.

2

தொடக்கம்: அரசலாற்றின் மேல் மெல்ல விடிந்து…

(வேண்டாம். ஆற்றங்கரையில் விடியாத கதை உண்டா?)

தொடக்கம்: பிரகாசியம்மாள் நல்லவள்.

(உண்மைதான். ஆனால் கதை முடிவதற்குள் நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். இருக்கட்டும், இந்த வரியை அடிக்கவில்லை.)

பிரகாசியம்மாள் கோயில் பாடற்குழுவில் தனிக்குரல் பாடுகிறவள். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து ஆகஸ்டு பதினைந்தாம் தேதி தேவமாதா திருநாள் பாட்டுப் பூசையில் 'குளோரியா'வின் தனிக்குரல் அவளுடையது. சர்வேசுரனைப் புகழ்கிறோம், வாழ்த்துகிறோம், ஆராதிக்கிறோம் என்று அடுக்கிக்கொண்டே போகிற பாட்டு அது. பாடற்குழு நிற்கும் கோயில் மாடியிலிருந்து அவள் குரல் எழும்பும்போது கீழே தலைகள் திரும்பும். திரும்பாத தலைகளையும் அவளுக்குத் தெரியும்.

அந்த வருடம் சைகோனிலிருந்து குளோத்தீல் வந்து சேர்ந்தாள். கணவன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அவளுடைய குரலைப் பற்றி எழுத நாலு உவமை யோசித்தேன், நாலும் அவளுக்குப் பொருந்தின, அதனால் எனக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது. எழுதவில்லை.

ஆர்மோனியம் வாசிக்கும் மரியநாதர் ஒத்திகையில் சொன்னார்: "பிரகாசி, இந்த வருசம் குளோரியாவுல தனிக்குரல குளோத்தீல் எடுக்கட்டும்மா. நீ பின்பாட்டுல இருந்து தாங்கிக்க."

"அதுக்கென்னங்க, ஆரு பாடுனா என்ன, சாமிக்குத்தானே," என்றாள் பிரகாசி.

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். உப்புக்குச் சப்பாணியாகிவிட்டோமே என்றுதான் அழுதாள். சாமியின் நினைவு அந்த அழுகையில் எங்கும் இல்லை.

(இந்த இடத்தில் பக்கத்து வீட்டுக் கமர் நிஷாவைக் கொண்டுவந்து, "நோன்பு வச்சவ அடுத்தவ வாயப் பாக்கக் கூடாதுடி" என்று சொல்லவைத்திருந்தேன். நீக்கிவிட்டேன். உண்மையை ஒருத்தி வந்து சொல்லிவிட்டுப் போனால் மற்றவர்களுக்குக் கதையில் என்ன வேலை?)

3

திருநாள் காலை. மாடிப்படியின் திருப்பத்தில் குளோத்தீல் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ வாயில் போட்டாள். பின்னால் ஏறிவந்த பிரகாசி பார்த்துவிட்டாள். பனங்கல்கண்டு.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

இன்றைய வாசகருக்கு இதில் என்ன பழம், என்ன பால் என்று புரியாது.* குளோத்தீல் நோன்பை முறித்துவிட்டாள். இனி அவள் நன்மை வாங்கக் கூடாது. வாங்கினால் சாவான பாவம். வாங்காமல் இருந்தாலோ, திருநாளும் அதுவுமாக, நன்மை வாங்க மண்டியிடும் பீடத்துக் கிராதிக்குப் போகாதவளை ஊர் சும்மா விடாது. என்ன பாவமோ, சைகோனில் என்ன செய்தாளோ என்று தெருத்தெருவாகப் பேசும். ஆகவே வாங்கத்தான் செய்வாள் என்று பிரகாசி கணக்குப் போட்டாள். வாங்கியதும் நேரே சாமியாரிடம் போய்ச் சொல்லலாம். அப்புறம் எந்த மரியநாதர் அவளுக்குத் தனிக்குரல் கொடுப்பார்?

"வேண்டாம்மா, இனிமே நன்மைக்குப் போயிடாதே" என்று ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம். அவள் வாயில் அந்த வார்த்தையை வைக்க நான் எவ்வளவோ முயன்றேன். துப்பிவிட்டாள்.

* அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவர்கள், அதாவது பூசையில் அப்பத்தை உட்கொள்கிறவர்கள், நடுநிசிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. மறு வருடமே தண்ணீருக்கு ரோமாபுரி அனுமதி தந்தது. கல்கண்டுக்குத் தரவில்லை.

4

பூசை தொடங்கியது. குளோரியா பாடினார்கள். பிரகாசியின் கண் குளோத்தீலின் இடது கன்னத்தை விட்டு நகரவில்லை. மேடு தெரிகிறதா, கரைந்துவிட்டதா, விழுங்கினாளா? பின்பாட்டு வரிகளை அவளுடைய வாய் பழக்கத்தில் பாடிக்கொண்டு போனது. மணி அடித்தது, எல்லாரும் மண்டியிட்டார்கள், அவளும் மண்டியிட்டாள், அப்போதும் பார்வை கன்னத்தில்தான்.

நன்மை நேரம் வந்தது. மாடியிலிருந்து பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். குளோத்தீல் தரையில் மண்டியிட்டபடி இருந்தாள்.

"என்னம்மா, எறங்கலியா?" என்று தேன் ஒழுகக் கேட்டாள் பிரகாசி.

"இல்லக்கா. இருமல் தாங்க முடியல, கல்கண்டு போட்டுக்கிட்டேன். பாட்டு நடுவுல இருமிட்டா சாமிக்குப் போய்ச் சேரவேண்டியது பாதியில நின்னுடுமேன்னு பயந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஊர்ல பேசுவாங்க. பேசட்டும். நீங்க எனக்கும் சேத்து வேண்டிக்கிட்டு வாங்கிக்குங்கக்கா."

பிரகாசிக்கு வயிறு எரிந்தது. இதிலும் முந்திக்கொண்டாளே!

5

இப்போது அவள் கிராதியில் மண்டியிட்டிருக்கிறாள். சாமியார் ஒவ்வொருவராக நாவில் அப்பத்தை வைத்துக்கொண்டு வருகிறார். நோன்பு காத்தவள்தான் பிரகாசி, தொண்டை வறண்டு கிடக்கிறது. ஆனால் காலையிலிருந்து சர்வேசுரனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைக்கிறது. இந்த நெஞ்சோடு நன்மை வாங்கலாமா என்று பயமாக இருக்கிறது. குளோரியா எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறாள். நினைவில் கன்னம் மட்டும்தான் இருக்கிறது.

என்னிடம் முடிவுகள் இருக்கின்றன.

அவள் எழுந்து போய்விடுகிறாள். (குளோத்தீல் வாங்காமல் இருந்தாள் என்பதற்காக இவளும் எழுந்தால், அதுவும் போட்டிதான். கிராதிவரை வந்து திரும்பினாள் பாரு என்று ஊர் இவளைப் பெரிதாகப் பேசும். அது அவளுக்குத் தெரியும்.)

அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறாள், பிறகு வருடக்கணக்காக… (முடிக்கவில்லை. அழவைக்கப் பார்க்கிறேன்.)

சாமியார் அவள் நெஞ்சைப் படித்துவிட்டு… (சாமியாருக்கு அந்த வித்தை தெரியாது.)

அவளைக் குறைசொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். நாலாம் பகுதியில் "குளோரியா பாடினார்கள்" என்று இரண்டே சொல்லில் எழுதினேன். பாட்டு எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டீர்களா? நீங்களும் கன்னத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்! எழுதிய நானும் அதைத்தான் பார்த்தேன். கடவுளைப் புகழ்கிற பாட்டு நம் மூன்று பேரின் தலைக்கு மேலேயும் போய்விட்டது.

6

பக்கத்தில் இருந்தவள் வாங்கிக்கொண்டாள். அடுத்தது பிரகாசி.

அவள் நெஞ்சுக்குள் ஒரு வாக்கியம் ஏறி வருகிறது. நான் எழுதிக் கொடுத்ததல்ல, ஒத்திகை பார்த்ததும் அல்ல. ஏறும்போதே வலிக்கிறது.

"சர்வேசுரா, அவ நல்லாத்தான் பாடுனா."

அந்தக் காலையில் அவள் கடவுளிடம் பேசிய முதல் பேச்சு அது. அதை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் தவிக்கிறாள், சொல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும்போல. சொல்வதற்காக வாயைத் திறக்கிறாள்.

சாமியாருக்கு எதிரே ஒரு திறந்த வாய். வாங்கத் திறந்ததா, சொல்லத் திறந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அப்பத்தோடு கை நீள்கிறது.

நான் பேனாவை மூடிவிட்டேன். அந்தக் கையை நிறுத்துவதா, விடுவதா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் இன்னும் வாயை மூடவில்லை.