கெசியா சொல்லாமல் விட்ட தாழி

ஜனவரியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வெள்ளைப்பரம்பு அகழாய்வுக் குழிகளுக்கு அழைத்துப் போய்வந்தாள் என் மனைவி கெசியா. அன்று இரவு அடுப்படியில் நின்றபடி சிரித்தாள்.

"அங்கன ஒரு தாழி இருக்கு. நீங்க பாக்கணும்."

"அதுல என்ன?"

"சொல்ல மாட்டேன். பாத்துட்டு வாங்க. பொறவு எங்கிட்ட வாயே தொறக்க மாட்டீய."

மார்ச்சில் அவளுக்கு ஒரு காய்ச்சல். பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அவள் சொல்லாமல் வைத்துப்போனது அது ஒன்றுதான். கூடப் போன பிள்ளைகளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

வெள்ளைப்பரம்புக்கு ஒரே தெரு. பஸ் அங்கேயே திரும்பிவிடும். டீக்கடையில் பால்சட்டியை ஒழுங்காக மூடி வைத்திருந்தார்கள். கெசியா மூடியை மல்லாத்தி வைப்பாள், அந்தக் குழிவில் கரண்டி கிடக்கும். மூடி என்றால் கவிழ்ந்திருக்க வேண்டும் என்று நான் கவிழ்த்துவேன். அவள் திரும்ப மல்லாத்துவாள். கல்யாணமான நாளிலிருந்து நடந்த சண்டை. இப்போது எங்கள் வீட்டு மூடி கவிழ்ந்தே இருக்கிறது.

பரம்பு ஊருக்குப் பின்னால், ஆற்றை ஒட்டிய செம்மண் மேடு. குழிகளின் மேல் கண்ணாடி பதித்திருந்தார்கள். அடியில், இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள், தோண்டிய நிலையிலேயே.

காவலாளி இசக்கிதுரை கூடவே வந்தார்.

"விசேசமான தாழி எது?" என்றேன்.

"எல்லாம் விசேசம்தான் சார். இதுல ஈட்டி. அதுல நெல்லு உமி. உங்களுக்கு என்ன வேணும்?"

"தெரியல."

"தெரியாமலே தேடுதீயளா? நல்லா தேடுங்க."

ஈட்டியைப் பார்த்தேன். உமியைப் பார்த்தேன். உடைந்த வளையலைப் பார்த்ததும் இதுவாக இருக்குமோ என்று நின்றேன். வளையலைக் காட்டி என் வாயை அடைக்க முடியாது.

கடைசிக் குழியில் கண்ணாடி மங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தேன்.

"சார், சட்டை அழுக்காவுது!"

தாழிக்குள் ஒரு சிறிய சட்டி. அதன் மூடி மல்லாந்திருந்தது. மூடியின் குழிவில் துருவேறிய இரும்புத் துண்டு ஒன்று, நீட்டமாக.

"தோண்டும்போது மூடி பெரண்டுருச்சா?"

"எல்லாரும் அதான் கேக்காவ. இல்ல சார், மண்ணுக்குள்ளயே அப்படித்தான் இருந்துச்சாம். ஏன் அப்படி வச்சாவ, அந்த இரும்பு என்னன்னு ஆபீசர்மாருக்கே புடிபடல."

ஜனவரியில் அன்று இரவு தாழியைப் பற்றிச் சொன்னபோது கெசியாவின் கையில் பால்சட்டி மூடி இருந்தது. இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"கரண்டி," என்றேன்.

"என்னது?"

"அது கரண்டி. வேற எங்கன வைக்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடியில் மூச்சுப் படிந்து சட்டி மறைந்தது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். யாருடைய சட்டி? யார் வைத்தது? கவிழ்க்க ஒருவன் அங்கேயும் இருந்தானா?

"என்ன சார், தனியா சிரிக்கீய?"

"வீட்டுல ஒரு சண்டை. தோத்துட்டேன்."

"அது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்," என்று கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "அடுத்த தரம் வீட்டுலயும் கூட்டிட்டு வாங்க. பாக்கட்டும்."

"அவ எனக்கு முந்தியே பாத்துட்டா," என்றேன்.