படுத்தால் மறையும் நோய்

டாக்டருக்குத் தோல் என்றால் உயிர். விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கிய பிறகு, தொண்டை வலி என்று வந்தவரின் முழங்கையைக்கூட அதில் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

தெருமுனை இஸ்திரிக்காரர் இடது கணுக்காலுக்கு மேலே அரிப்பு என்று வந்தபோது, மனிதருக்குக் கொண்டாட்டம். படுக்கச் சொன்னார், விளக்கைப் போட்டார். செதில்செதிலாக உரிந்த சிவப்புத் திட்டு. முதலில் படைக்குக் களிம்பு, அசையவில்லை. பிறகு கரப்பான் என்னும் தோல் அழற்சிக்கு, பத்து நாள் அடங்கிவிட்டு மறுபடி கிளம்பியது. அப்புறம் அதைவிட வீரியமான ஒன்று. இப்படியே மூன்று மாதம் போனதில், திட்டு பழுப்பேறி, தோல் மெலிந்து பளபளத்தது.

"களிம்பு மாறுது, கால் மாறலையேடா," என்றார் அக்கா. கிளினிக்கில் நர்ஸ் அவர்தான். தம்பியை டாக்டர் என்று கூப்பிட இன்னும் வாய் வரவில்லை.

"தோல் விஷயம் பொறுமையா போகணும்க்கா," என்றார் டாக்டர். அந்தத் தோரணையை நினைத்து அவர் கூசியது மறுநாள்.

மறுநாள் துவைத்துக் காய்ந்த நான்கு வெள்ளைக் கோட்டுகளோடு இஸ்திரிக் கடைக்குப் போனார்.

"இந்த மாசத்தோட மூடறேன் டாக்டர். மேசைய ஒருத்தர் விலைக்குக் கேட்டிருக்கார்," என்றார் இஸ்திரிக்காரர்.

"ஏன்?"

"தோல் கிழிஞ்சு புண்ணாயிடும் போல இருக்கு. நிக்க முடியலன்னா இந்தத் தொழில்ல என்ன இருக்கு?"

தேய்த்த சட்டையைக் கொடியில் மாட்ட இஸ்திரிக்காரர் மேசையைச் சுற்றி வந்தார். இஸ்திரிப் பெட்டியின் சூடு தாங்காமல் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். இடது கெண்டைக்காலின் உட்புறத்தில், முறுக்கிய கயிறுகளைத் தோலுக்கடியில் திணித்தாற்போல், நீலநிறத்தில் நெளிந்து இறங்கின ரத்தக்குழாய்கள். இறங்கிய இடம், அந்தத் திட்டு.

டாக்டர் குனிந்து பார்த்தார். "இது எப்போல இருந்து?"

"இந்த நரம்பா? பத்து வருசமா இருக்கு."

"நான் பார்க்கவே இல்லையே!"

"நீங்கதான் படுக்கச் சொல்லிடுவீங்களே. படுத்தா உள்ள போயிடும்."

துணிக்குக் காத்திருந்த அம்மாள் ஒருவர், "மூணு மாசமா மனுசன எழுப்பி நிறுத்தக்கூடத் தோணலையா?" என்றார். முதலாண்டு மருத்துவ மாணவனைக் கேட்கவேண்டிய கேள்வி. பதில் சொல்ல அந்த மாணவனுக்காவது தெரிந்திருக்கும்.

"தோணல," என்றார் டாக்டர். "தப்பு என்னோடதுதான். இது நரம்பில்ல, ரத்தக்குழாய். கால்ல இருக்கிற ரத்தம் மேல ஏறி நெஞ்சுக்குப் போகணும். நடக்கும்போது கெண்டைக்கால் சதைதான் பிழிஞ்சு ஏத்திவிடும். ஏறினது திரும்பி விழாம இருக்க, குழாய்க்குள்ள குட்டிக் குட்டிக் கதவு இருக்கு, மேல் பக்கம் மட்டும் திறக்கிற மாதிரி. உங்களுக்கு அது சரியா மூடல. நின்னா ரத்தம் கீழ தேங்குது. அந்த அழுத்தத்துலதான் தோல் கெடுது. உள்ள குழாய் ஒழுகுது, நான் வெளிச் சுவருக்கு வெள்ளையடிச்சிட்டிருந்தேன்."

"அப்போ காலுறை போட்டா சரியாகுமா? இறுக்கமா விப்பாங்களே?" என்றார் இஸ்திரிக்காரர்.

"இருங்க." பாதத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் அடைத்திருந்தால் இறுக்கமான காலுறை ஆபத்து. டாக்டர் தரையில் முட்டிபோட்டு, இரு பாதங்களின் மேலும் விரல் வைத்து நாடி தேடினார்.

"என்ன தொலைச்சுட்டீங்க சார்?" என்றான் சைக்கிளில் போன ஒருவன்.

"மானத்த," என்றார் அந்த அம்மாள்.

நாடி நன்றாகவே துடித்தது. ஆனாலும் இந்த முறை தன் விரலை மட்டும் நம்ப டாக்டர் தயாராக இல்லை, ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். வீரியக் களிம்பை நிறுத்தி, தோல் காயாமலிருக்க வெறும் ஈரப்பசைக் களிம்பு தந்தார்.

ஸ்கேன் முடிவோடு இஸ்திரிக்காரர் கிளினிக்குக்கு வந்தார். பாதத்துக்கு வரும் ரத்தத்தில் குறையில்லை. ஒழுகும் குழாயை ஊசி வழியாகச் சூடுகாட்டி அடைத்துவிடலாம், அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"கடைய மூடணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

"வேணாம். ஆனா அசையாம நிக்காதீங்க. துணிக்குத் துணி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. மத்தியானம் கால உசத்தி வெச்சுப் படுங்க. குழாய அடைக்கிற வரைக்கும் இறுக்கமான காலுறை."

இஸ்திரிக்காரர் அங்கேயே போனை எடுத்தார். "மேசை விக்கலைப்பா... ஆமா, டாக்டர்தான் சொன்னார்... அதே டாக்டர்தான்... இல்லப்பா, மூணு மாசம் அரிப்பைத்தான் பார்த்தார். கால இப்பதான் பார்த்திருக்கார்."

அக்கா சிரிப்பை அடக்க மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.