காதில் விழுந்ததை மட்டும்

எங்கள் கவிதைக் குழுவில் வாரம் ஒருவர் விதி போடுவோம். அந்த வாரம் இன்பராஜின் முறை. வேலூரில் ரத்தம் எடுக்கும் லேபில் வேலை பார்க்கிறவன். ஊசி குத்திக் குத்தி அவன் மனசும் மரத்துவிட்டது போல. "வேலை பண்ற எடத்துல காதுல விழுந்தத மட்டும் வெச்சு எழுதணும். சொந்த வார்த்தை ஒண்ணுகூட வரக்கூடாது" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஒடுகத்தூர்க்காரி. மலை, மேகம் என்று நாலு வரி எழுதி, நாலு பேரிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தவள். ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் லைனில் காதில் விழுவதெல்லாம் மெஷின் சத்தமும் சூப்பர்வைசர் சம்பத்தின் கத்தலும்தான். அதில் என்ன கவிதை வந்து கிழிக்கப்போகிறது?

செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் தோலில் கோடு போடும் சில்வர் பேனாவை எடுத்து, மேஜையில் கிடந்த ஒரு துண்டில் எழுதினேன். லேஸுக்கு அடியில் இருக்குமே ஷூ நாக்கு, அதன் உள்பக்கத்தில் வைத்துத் தைக்கிற கறுப்பு லைனிங் துண்டு அது. வெள்ளி எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

'கை வேகமா.' 'பீஸ் எங்க?' 'தண்ணி அப்பறம் குடி.'

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. சொந்தமாக எதையும் சேர்க்க முடியாதே, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் அடுத்த மெஷினில் இருந்த முத்துமாரியிடம் சம்பத் குனிந்து பேசுவது கேட்டது. புதிதாகச் சேர்ந்த பெண், வாயே திறக்கமாட்டாள். அவன் அப்படிக் குனிவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். தையலைத் திருத்துகிறான் என்று நினைத்திருந்தேன்.

'இன்னிக்கு நீ மட்டும் நில்லு.' 'ஸ்டோர் ரூமுக்கு வா.' 'வீட்ல சொன்னா வேலை இருக்காது.'

கை தானாக எழுதிவிட்டது. மேலிருந்து கீழே படித்துப் பார்த்தேன். நான் எழுதியதிலேயே இதுதான் கவிதை என்று ஒரு நினைப்பு வேறு வந்தது. சீ, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது. கம்பெனி வேனில் வீட்டுக்குப் போகும்போது அவளிடம் மெதுவாகக் கேட்கலாம் என்று முடிவு செய்து, முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் துண்டைக் காணோம். என் மேஜையில் இருந்ததையெல்லாம் யாரோ டிரேயில் அள்ளி அடுத்த மெஷினுக்குத் தள்ளியிருந்தார்கள். அங்கேயும் தைத்து முடித்து, டிரே செக்கிங்குக்குப் போயிருந்தது.

அது யார் கண்ணிலாவது பட்டால் வேலை போய்விடும். என் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. எழுத்து தோலைப் பார்த்து உள்பக்கமாகப் போகும்படி தைத்திருந்தால் ஜென்மத்துக்கும் யாருக்கும் தெரியாது. ஆத்தா, உள்பக்கம் போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"முத்து, டிரேல எழுத்து போட்ட பீஸ் ஏதாச்சும் பாத்தியா?"

அவள் தலை நிமிரவில்லை. "பேசாதக்கா. அவரு பாக்குறாரு."

கொஞ்ச நேரத்தில் செக்கிங் பொறுப்பாளர் முனவ்வர் பேகம் நேராக எங்கள் லைனுக்கு வந்தார். கையில் ஒரு ஷூவின் மேல்பாகம். நாக்கை மடக்கிக் காட்டி, "இது யாரு எழுதுனது?" என்றார்.

சம்பத் எட்டிப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது. அடுத்த நொடி கறுத்தது. "எவ எழுதுனாளோ அவ இன்னிக்கே வெளிய போகணும்."

மறைத்துப் பயனில்லை. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். எழுந்து நின்றேன். "நான்தான் சார்."

"யார இன்னா சொல்ற நீ? யாரு பேசுனது இது?" என்று சம்பத் கத்தினான்.

முத்துமாரி பெயரைச் சொல்லவும் முடியாது, அவன் முகத்தைப் பார்க்கவும் முடியாது. "சும்மா கவிதை சார். கற்பனைதான்" என்றேன்.

பக்கத்து மெஷின் நின்றது.

"கற்பனை இல்ல மேடம்" என்று முத்துமாரி எழுந்தாள். அவள் குரலை அத்தனை உரக்க நான் கேட்டதே இல்லை. "எங்கிட்ட சொன்னதுதான். எழுத்து வெளிய தெரியற மாதிரி வெச்சுத் தெச்சதும் நான்தான். இன்னொண்ணும் சொன்னாரு. அது அக்கா காதுல விழல."

சம்பத் அவளை நோக்கி ஒரு அடி வைத்தான். முனவ்வர் பேகம் நடுவில் வந்து நின்றுகொண்டு, "நீ சொல்லும்மா" என்றார்.

"'உனக்கு முன்னாடி இந்த மெஷின்ல இருந்தவளும் மொதல்ல இப்டிதான் அழுதா'ன்னு சொன்னாரு."

அவளுக்கு முன் அந்த மெஷினில் இருந்தவள் அமிர்தவள்ளி. ஒரு நாள் திடீரென்று வேலைக்கு வராமல் நின்றுவிட்டாள். கல்யாணம் ஆகிவிட்டது என்று எங்களுக்குச் சொன்னவன் சம்பத்துதான்.