அறுபத்தொரு வரி

என் பேரு நம்ம ஊரு வாட்ஸ்அப் குரூப்ல எல்லாருக்கும் தெரியும். வேற யாராவது படிச்சா, லாண்டரியில என்னை நெட்டைனு கூப்பிடுவாங்க. மாமான்னு சொல்றது அக்கா வீட்டுக்காரரை, அவருக்கும் இங்கதான் வேலை. வயசு இருபத்தி நாலு. இப்ப இருக்கிறது சோப்புத்தூள் மூட்டை அடுக்கி வச்சிருக்கிற ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு. விரல்ல அடிக்க நேரமில்ல, அதான் பேசியே டைப் பண்றேன். பக்கத்துல ட்ரையர் ஓடுது, அங்கங்க தப்பா விழுந்திருந்தா சரி பண்ணிப் படிங்க. இங்க மணி ஒண்ணு இருபது. ரெண்டு மணிக்குள்ள இதை யாராவது படிச்சாகணும்.

அக்கா, மாமா கை மெஷின்ல மாட்டினது உனக்குத் தெரியும். எப்படின்னு நான் முழுசா சொல்லல. ஆஸ்பத்திரிப் போர்வையெல்லாம் ஈரமா வரும். ரெண்டு பெரிய சூடான உருளைக்கு நடுவுல விட்டா தேய்ஞ்சு அந்தப் பக்கம் வரும். உருளைக்கு முன்னாடி கம்பித் தடுப்பு ஒண்ணு இருக்கணும், கை உள்ள போகாம. அது உடைஞ்சுபோய்க் கழட்டி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. புதுசு வரும் வரும்னாங்க. வரல.

காலையில ஷிஃப்ட் ஆரம்பிக்கிறப்ப மெஷின்காரங்க ஒவ்வொருத்தரா என் ஜன்னலுக்கு வந்து மெஷின் எப்படி இருக்குன்னு சொல்லணும். அதை நான் கம்ப்யூட்டர்ல அடிச்சு வைப்பேன், அதுதான் என் வேலை. மாமா வந்தா ஜன்னல் கம்பியில ரெண்டு தட்டு தட்டுவார்.

"எழுதுங்க தொரை. தடுப்பு இல்லை."

"சரி மாமா. டீ குடிச்சாச்சா?"

"முதல்ல எழுது மாப்ள. டீயை நான் பார்த்துக்கிறேன்."

அப்புறம் இன்னும் ஏதாவது ஒண்ணு ரெண்டு வார்த்தை சொல்வார். விரல் பாட்டுக்கு அடிக்கும். என் கண்ணு அவருக்குப் பின்னாடி வரிசையில நிக்கிறவங்க மேல இருக்கும்.

இன்னைக்குப் பதினோரு மணிக்கு மேனேஜர் சார் வந்து என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னார். எலுமிச்சை மிட்டாய் வாசனை, எப்பவும் வாயில ஒண்ணு இருக்கும்.

"தடுப்பு இல்லைன்னு எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் தடுப்பு சரின்னு மாத்திடு. மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார்."

"எல்லாத்தையுமா சார்?"

"மொத்தமா மாத்த ஒரு பட்டன் இருக்குல்ல? நீதானே அன்னைக்குப் பெருமையா சொன்ன?"

"அது எங்க மாமா எழுதச் சொன்னது சார்."

"தெரியும்ப்பா. அதனாலதான் வேற யாருகிட்டயும் கொடுக்காம உன்கிட்ட கொடுக்கிறேன்." கோவமே இல்லாம சொன்னார் அக்கா. "உன் வேலை பெர்மிட் பேப்பர் என் டிராயர்லதான் இருக்கு. இந்த மாசம் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கில்ல?"

நான் எப்பவும் பார்க்காம மொத்தமா மாத்த மாட்டேன். போன வருஷம் ஒரு ஹோட்டல்காரங்க மூணாவது மாடியை நாலாவதுன்னு போடச் சொன்னாங்க. நான் 3 இருக்கிற இடமெல்லாம் 4-னு மாத்திட்டேன். முப்பது துண்டு நாப்பதாச்சு, பதிமூணு தலையணை உறை பதினாலாச்சு. வண்டி ரெண்டு மணி நேரம் நின்னுபோச்சு. "என்ன நெட்டை, துண்டெல்லாம் குட்டி போட்டுச்சா?"னு டிரைவர் இன்னைக்கு வரைக்கும் கேக்கிறார். அதுக்கப்புறம்தான், மாத்துறதுக்கு முன்னாடி என்னென்ன மாறப்போகுதுன்னு காட்டச் சொல்லிப் பார்க்கப் பழகினேன். பழைய வார்த்தை சிவப்புல, குறுக்கே கோடு போட்டு வரும். புதுசு பக்கத்துலயே பச்சையில வரும். ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஒரு டிக் இருக்கும். வேண்டாம்னா டிக்கை எடுத்துடலாம், அந்த வரி மட்டும் அப்படியே நிக்கும்.

பழக்கத்துல அப்படியே பண்ணிட்டேன். கீழ அறுபத்தொண்ணுன்னு காட்டுச்சு.

அறுபத்தொரு நாளும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நின்னுச்சு அக்கா. தனித்தனியா அடிச்சப்ப ஒண்ணும் தெரியல. பச்சையோட சேர்த்து நான் படிச்சது இதுதான்.

தடுப்பு சரி. நேத்தும் சொன்னேன்.

தடுப்பு சரி. சட்டைக் கையை இழுத்துடுச்சு, பட்டன் போச்சு.

தடுப்பு சரி. புதுசா வந்த பொண்ணை அந்தப் பக்கம் நிக்க விடாதீங்க, நானே பார்த்துக்கிறேன்.

தடுப்பு சரி. யாராவது கை போனாதான் வாங்குவீங்களா.

சாரும் குனிஞ்சு படிச்சார். மிட்டாயைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டார். "இதென்னப்பா, தினம் ஒரு கதை. முதல் புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதையும் தூக்கிடு."

அப்ப அவருக்குப் போன் வந்துச்சு. வாசல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசினார். சிவப்பும் பச்சையும் சேர்ந்து இருக்கிறது அந்த ஒரு நேரம்தான் அக்கா. பட்டனை அழுத்திட்டா பழசு இருந்த இடமே தெரியாது. போனை எடுத்தேன். ஒரு தடவைக்குப் பத்து வரிதான் ஸ்கிரீன்ல தெரியும். ஆறு போட்டோ எடுத்தேன், ஏழாவதுல ஒரே ஒரு வரி. கை மாட்டின அன்னைக்குக் காலையில சொன்னது. தடுப்பு இல்லை. இன்னைக்காவது பாருங்க.

அதுக்கு முன்னாடி இருந்த டிக்கை எடுத்துட்டேன். யோசிச்சுப் பண்ணல. விரல் பண்ணிடுச்சு.

சார் திரும்பி வர்றப்ப பட்டனை அழுத்தினேன். அறுபது வரியும் ஒரே நேரத்துல மாறுச்சு. சத்தம்கூட வரல. புள்ளிக்கு அப்புறம் இருந்ததையெல்லாம் அழிச்சேன். பள்ளிக்கூடத்துல தண்டனைக்கு எழுதின மாதிரி, தடுப்பு சரி, தடுப்பு சரின்னு கீழ வரைக்கும்.

"பழசைத் தேடிக் காட்டு. ஜீரோ வரணும்"னார்.

தேடினேன். ஒண்ணுன்னு வந்துச்சு. கடைசி வரி மட்டும் மஞ்சளா எரிஞ்சுக்கிட்டு நின்னுச்சு.

"ஒண்ணு உக்காந்திருக்கே?"

"கண்ணுல படல சார்."

"இவ்வளவு உசரமா வளர்ந்து என்னப்பா பிரயோஜனம்." என் தோளுக்கு மேல கையை நீட்டி அதை அவரே மாத்தினார், அவரே அழிச்சார். அப்புறம் ஜீரோ வந்துச்சு.

போவார்னு பார்த்தா, போகல. "ஒரு பக்கம் சொல்றேன், அடி"ன்னார். அடிச்சேன் அக்கா, மறைக்கல. தடுப்பு சரியாக இருந்தது. வேலையைச் சீக்கிரம் முடிக்க நானே கழற்றினேன். தவறு என்னுடையது. கீழ மாமா பேரு, அவரோட நம்பர். ரெண்டு காப்பி எடுக்கச் சொன்னார். அது உண்மைன்னு ஆயிட்டா ஆஸ்பத்திரியில கம்பெனி ஒண்ணும் கட்டாது. இன்னும் ரெண்டு ஆபரேஷன் பண்ணாதான் கட்டைவிரலாவது அசையும்னு டாக்டர் சொல்லியிருக்கார், அது நடக்காது. தையல் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஊருக்கு ஃப்ளைட் ஏத்திடுவாங்க.

"மாமாவால கையெழுத்துப் போட முடியாதே சார், வலது கை முழுக்கக் கட்டு"ன்னேன். அப்படிச் சொன்னா விட்டுடுவார்னு நினைச்சேன். நான் ஒரு மடையன்.

அவர் என் மேஜையைப் பார்த்தார். சரக்குச் சீட்டுக்கு முத்திரை குத்துற நீல மை டப்பா அங்க இருந்துச்சு. மூடி சரியா இருக்கான்னு அழுத்திப் பார்த்துச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டார்.

"இன்னொரு கை இருக்குல்ல"ன்னார்.

ஒண்ணேகாலுக்குக் கார் கிளம்பிடுச்சு. வார்டுக்குள்ள ரெண்டு மணிக்குத்தான் ஆளை விடுவாங்க. நான் கேட்டைத் தாண்டணும்னா அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேணும். மாமா போன் கண்ணாடி நொறுங்கி என் பெட்டியில கிடக்கு. வார்டு நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன், "சம்சாரம்னா தகவல் சொல்லுவோம், வேற யாருக்கும் இல்ல"ன்னு நர்ஸம்மா வச்சுட்டாங்க. அக்காவை மூணு தடவை கூப்பிட்டேன், எடுக்கல. அவ வேலை பாக்கிற கடையில போனை வாங்கி உள்ள வச்சுடுவாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் கூப்பிட்டேன்.

மாமா ஊசி மயக்கத்துல இருப்பார். யாரு கையைப் பிடிச்சாலும் கொடுத்துடுவார். நான் அனுப்பின ஆளுன்னு சொன்னா இன்னும் நம்புவார்.

போட்டோ ஏழும் இதோட அனுப்புறேன். அஞ்சு போயிடுச்சு, ரெண்டு இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. யாரும் அழிச்சுடாதீங்க. யாரு முதல்ல படிச்சாலும் சரி, அக்கா கடைக்கு ஓடிப்போய் அவளை வெளிய கூப்பிட்டு, நான் கீழ போடுற வார்டு நம்பருக்குப் பேசச் சொல்லுங்க. எந்தப் பேப்பர்லயும் விரல் வைக்க வேண்டாம்னு மாமாகிட்ட சொன்னாப் போதும்.