இடது கையில் மஞ்சள் பட்டை

"அந்த பக்கெட்டைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

பெயிண்ட் கடைக்காரர் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆளே இல்லை. கத்துகிறவர்களையாவது நம்பலாம், இவரை நம்ப முடியாது என்பது அவர் வீட்டில் வந்து தங்கியிருக்கும் மச்சினி, அந்தத் தையல்காரியின் கட்சி. பின்பக்கத்துக் குழாயடியில் அவள் மகள், ஒன்பது வயதுக்காரி, முகமெல்லாம் சோப்பு நுரையும் கையில் சிவப்பு பக்கெட்டின் பிடியுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

"கண்ணுல சோப்பு போயிடுச்சு பெரியப்பா. கைக்குக் கிடைச்சதை எடுத்துட்டேன்."

"உங்களுக்குன்னு கோடு போட்டு வெச்சிருக்கேன்ல? அப்புறம் எதுக்கு அந்தக் கோடு?"

கோடு போட்டிருந்தது உண்மைதான். வீட்டில் நான்கு பக்கெட்டுகள். ஒன்றின் வயிற்றில் மட்டும் கடையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பெயிண்டால் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு. அது தையல்காரிக்கும் அவள் மகளுக்கும். வெள்ளத்தில் அடிபட்டு வந்தவர்கள் மேல் என்ன சொறி, என்ன சிரங்கு ஒட்டியிருக்குமோ, யார் கண்டது? வந்து மூன்று மாதம் ஆகிறது. அப்படி ஏதாவது ஒட்டியிருந்தால்கூட இந்த வீட்டு உபசாரத்தைப் பார்த்து அதுவே இறங்கி ஓடியிருக்கும்.

தையல்காரி வந்து கோடு போட்ட பக்கெட்டிலிருந்து தண்ணீர் மொண்டு மகளின் முகத்தைக் கழுவினாள். அடுப்படியில் அவள் அக்கா ஏற்கெனவே கொதித்துவிட்ட பாலை மும்முரமாகக் கிளறிக்கொண்டிருந்தாள். கணவர் பேசும்போதெல்லாம் அக்காவுக்கு ஏதாவது கிளற வேண்டியிருக்கும்.

ஆறு ஊருக்குள் வந்த அன்று தையல்காரி காப்பாற்றியது இரண்டே இரண்டு: மகள், தையல் மிஷினின் தலை. புருஷன், இடிந்த வீட்டில் சேறு வாரிக்கொண்டு, மிச்சமிருக்கும் கதவையும் எவனாவது தூக்கிப் போய்விடாமல் காவல் கிடக்கிறான். மகளுக்கு வீட்டில் வைத்த பேர் வேறு. ஊரே கூப்பிட்டது வாலு என்று. வெள்ளத்துக்குப் பிறகு வாலு வாலைச் சுருட்டிக்கொண்டுவிட்டாள். சிரிப்பதில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். இந்தப் பிள்ளை பழையபடி ஆகவேண்டும், அதற்கு நாலு பிள்ளைகளோடு ஒரு நல்ல வகுப்பில் உட்காரவேண்டும். தையல்காரிக்கு வேறு எந்த ஆசையும் அப்போது இல்லை.

அதற்குத்தான் அரசாங்கம் பணமும் அனுப்பியிருந்தது. வெள்ளத்தில் வந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சு, புத்தகம், சீருடை, கூடுதலாக ஒரு டீச்சர். பள்ளி வாசலில் போர்டே வைத்திருந்தார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். சேர்ந்த இடம் பின்னால் இருந்த ஸ்டோர் ரூம். உடைந்த நாற்காலிகளை ஒரு மூலையில் அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். கூடுதல் டீச்சர் யாரென்றால் பள்ளிக்கூடத்து கிளார்க்தான், அவருக்கு வேலை இல்லாத நேரத்தில். முன்பக்கத்துக் கட்டடம் மட்டும் புதுப் பெயிண்டில் மினுமினுத்தது. மகளைக் கொண்டுவிடப் போகும்போதெல்லாம் தையல்காரி அந்தச் சுவரை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பாள்.

பதினைந்து வருஷத் தொழில் அவளுக்கு ஒரு புத்தி கொடுத்திருந்தது. எந்தத் துணியையும் திருப்பிப் பார்க்காமல் கத்தரி வைக்கக் கூடாது. வெள்ளத்துக்குப் பிறகு அவள் ஆட்களையும் அப்படித்தான் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கிளார்க் வீடு தேடி வந்தார். கையில் ஒரு மூட்டைத் துணி. பின்னாலேயே பெயிண்ட் கடைக்காரர், தன் கையாலேயே டீ எடுத்துக்கொண்டு. மூன்று மாதத்தில் அந்த மனிதர் டம்ளரைத் தூக்கி யாருக்கும் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

"நாப்பத்திரண்டு செட் சீருடைம்மா," என்றார் கிளார்க். "அளவெல்லாம் எழுதியிருக்கு. உங்களுக்கே இந்த வேலையைக் குடுக்கணும்னு உங்க மாமாதான் ஒத்தைக் கால்ல நின்னாரு. பெற்றோர் சங்கத் தலைவர் சொன்னா மறுக்க முடியுமா?"

"பெரிய மனசு, சார்," என்றாள். மூட்டையின் மேல் இருந்த மஞ்சள் சுருளை அப்போதுதான் கவனித்தாள். "இது என்ன?"

"அது பட்டை. இடது கையில தைக்கணும். எல்லா சட்டைக்கும்."

"எதுக்கு சார்?"

"பத்து நாள்ல ஆய்வுக்கு அதிகாரி வர்றாங்க. எது நம்ம பிள்ளை, எது வெள்ளப் பிள்ளைன்னு பார்த்த உடனே தெரியணும்ல? எண்ண வேண்டாமா?"

"இது யார் சொன்னது?"

"மேலிடத்து உத்தரவும்மா." சொல்லிவிட்டு அவர் டீயைப் பார்த்தார். "வெறும் பக்கம் மேல வர்ற மாதிரி தைச்சிடுங்க."

வெறும் பக்கம் என்று ஒன்று இருந்தால் வெறுமையாக இல்லாத பக்கம் என்றும் ஒன்று இருக்குமே. சுருளை இறுக்கி நூலால் கட்டியிருந்தது. அவர்கள் தலை மறைகிற வரை பொறுத்திருந்து நூலை அறுத்தாள். பட்டையைத் திருப்பினாள்.

கறுப்பு எழுத்தில் வரிசையாக அச்சடித்திருந்தது: 'உங்கள் வீடு, உங்கள் பெருமை.' அதை அடுத்து மாமாவின் கடை போன் நம்பர். மறுபடியும் 'உங்கள் வீடு, உங்கள் பெருமை.' மறுபடியும் நம்பர். சுருள் முடிகிற வரைக்கும் அதேதான். போன வருஷம் பெயிண்ட் கம்பெனிக்காரன் கடையை அலங்கரிக்கக் கொடுத்தது. மிச்சம் பரணில் கிடந்ததை அவளே பார்த்திருக்கிறாள்.

மேலிடம் என்பது பரண் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

சுருளோடு அடுப்படிக்குப் போனாள். "அக்கா, இது அரசாங்கத்து உத்தரவா, மாமா உத்தரவா?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? தைக்கச் சொன்னா தைச்சுக் குடு."

"சொல்லுக்கா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். கிளற ஒன்றும் இல்லை. "சங்க மீட்டிங்ல அவர்தான் எழுந்து சொன்னார். நம்ம பிள்ளைங்களோட கலந்துட்டா யார் எதுன்னு தெரியாம போயிடும்னு. எல்லாரும் கை தட்டினாங்க."

"நீ?"

"நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன்."

"கை தட்டினியா?"

அக்கா கீழே வைத்த கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

"சரி, ஸ்கூலுக்கு அடிச்ச பெயிண்ட் எந்தக் கடையில வாங்கினது?"

"தோண்டாதடி," என்றாள் அக்கா மெதுவாக. "தங்க ஒரு இடம் இருக்கு. வேளைக்குச் சோறு இருக்கு. அதைக் கெடுத்துக்காதே."

அது நியாயமான பேச்சுதான். தையல்காரி அதையும் திருப்பிப் பார்த்தாள். இந்த வீட்டை விட்டால் போக்கிடம், பாதிச் சுவர் இடிந்த வீடும் முழங்கால் சேறும். பட்டைதானே, தைத்துக் கொடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அக்கா வீட்டு ஸ்டாண்டில் பூட்டியிருந்த மிஷினில் வெட்டிய துணியை அவள் வைத்தபோது வாலு பக்கத்தில் வந்து நின்று சுருளைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கும் இது உண்டாம்மா?"

"உண்டு."

"பக்கெட்டுக்குப் போட்ட மாதிரியா?"

தையல்காரியின் கால் மிதியை விட்டு நகர்ந்துவிட்டது. பிள்ளை அழவில்லை, கோபப்படவில்லை. இது எதற்கான பட்டை என்று சரியாகப் புரிந்துகொண்டு கேட்டது. அதுதான் தாங்கவில்லை.

பத்து நாளும் தைத்தாள். கிளார்க் இரண்டு முறை வந்து கேட்டார். "காஜா போடற ஆள் வரலை சார்," என்று ஒருமுறை, "பட்டன் பத்தலை சார்," என்று ஒருமுறை. தொழில் தெரியாதவனை ஏமாற்றத் தையல்காரர்களிடம் பொய்க்குப் பஞ்சமா? ஆய்வு நாள் காலையில்தான் மூட்டையைக் கொண்டுபோய் இறக்கினாள். எல்லாச் சட்டையும் இடது கை உள்ளே போகும்படி கச்சிதமாக மடித்திருந்தது. கிளார்க்குக்குப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. பிள்ளைகள் ஸ்டோர் ரூமில் மாற்றிக்கொண்டு வெளியே வரும்போதே அதிகாரியின் ஜீப் வாசலில் நின்றது.

அதிகாரி ஒரு பெண்மணி. மூக்கு நுனியில் கண்ணாடி. பெரிய டீச்சர் வழிகாட்ட, பெயிண்ட் கடைக்காரர் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் பக்கத்திலேயே நடந்தார்.

"நம்ம வெள்ளப் பிள்ளைங்க இந்த வரிசை, மேடம். அடையாளத்துக்குப் பட்டை குடுத்திருக்கோம்."

வரிசையில் முதல் ஆள் வாலு. அதிகாரி குனிந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தச் சின்னக் கையைப் படித்தார்.

"உங்கள் வீடு... உங்கள் பெருமை." நிமிர்ந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "உன் வீடு எங்கேம்மா?"

"பாதி ஆத்துல போயிடுச்சு, மேடம்."

அடுத்த பிள்ளையின் கையிலும் அதே வரி. அதற்கு அடுத்ததிலும். சிலர் கையில் போன் நம்பர் விழுந்திருந்தது. அதிகாரி நின்றார். கையிலிருந்த ஃபைலைப் பிரித்து ஏதோ ஒரு ரசீதைத் தேடி எடுத்து, ஒரு பையனின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கட்டடத்துக்குப் பெயிண்ட் வாங்கின கடையும் இதே நம்பராத்தான் இருக்கு."

பெயிண்ட் கடைக்காரருக்கு முகம் வெளுத்தது. "மேடம், அது தையல்காரி பண்ண தப்பு. பட்டையைத் திருப்பித் தைச்சுட்டா. வெறும் பக்கம் மேல வரணும்னு தெளிவா சொல்லியிருந்தோம்."

தையல்காரி கேட் ஓரமாகத்தான் நின்றிருந்தாள். கூப்பிட்டார்கள். வந்தாள். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"அச்சு இருக்கிற பக்கம்தான் துணிக்கு நல்ல பக்கம், மேடம். அதை மேல வெச்சுத்தான் தைக்கணும். எங்க தொழில்ல அப்படித்தான்."

"பட்டை தைக்கச் சொன்னது யாரு?"

"மேலிடத்து உத்தரவுன்னு சொன்னாங்க."

"எந்த மேலிடம்?"

கிளார்க் பெயிண்ட் கடைக்காரரைப் பார்த்தார். அவர் பெரிய டீச்சரைப் பார்த்தார். பெரிய டீச்சர் பார்க்க யாரும் இல்லாமல் புதுச் சுவரைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைங்களைத் தனியா பிரிக்காதீங்கன்னுதான் பணமே அனுப்பினோம்," என்றார் அதிகாரி. "முதல்ல இதைப் பிரிச்சு எடுங்க. எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு இழுப்பு போதும், மேடம். கச்சாத் தையல்தான் போட்டிருக்கேன்."

பட்டையின் ஓரத்தில் நூல் நுனியை விட்டே வைத்திருந்தாள். வாலு அதைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று வந்தது. அடுத்த பையன் இழுத்தான். அப்புறம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாற்பத்திரண்டும் போட்டி போட்டுக்கொண்டு இழுத்தன; எவனோ ஒருவன் பக்கத்துப் பிள்ளையுடையதையும் சேர்த்து இழுத்து அடி வாங்கினான். அந்தக் கூச்சலில் வாலுவின் சிரிப்பும் கேட்டது. மூன்று மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு. தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளைகள் அன்றே முன்பக்கத்து வகுப்புகளில் உட்காரவேண்டும் என்று அதிகாரி எழுதிக்கொடுத்தார். ரசீதை ஃபைலில் வைத்து நாடாவை முடிந்தார். முடிந்த ஃபைல் மறுபடி அவிழுமா என்பதில் தையல்காரிக்குச் சந்தேகம்தான். ஜீப் கிளம்பும்போது பெரிய டீச்சர் அதிகாரியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததையும் அவள் கவனிக்கத் தவறவில்லை. ஆனால் மகள் பெஞ்சில் உட்கார்ந்ததை ஜன்னல் வழியே தன் கண்ணால் பார்த்துவிட்டாள். அதை யாரும் திருப்பித் தைக்க முடியாது.

சாயங்காலம் பெயிண்ட் கடைக்காரர் மச்சினியின் முகத்தைப் பார்க்கவில்லை. மனைவியிடம்தான் சொன்னார், அதே கத்தாத குரலில். "நாளைக்கு வேற இடம் பார்த்துக்கச் சொல்லு."

அவர் சொல்வதற்கு முன்பே தையல்காரி மிஷினின் தலையைக் கழற்றித் துணியில் சுற்றி வாசலில் வைத்திருந்தாள். அக்கா அதைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். அன்று அவள் எதையும் கிளறவில்லை.

மறுநாள் காலை பெயிண்ட் கடைக்காரர் குழாயடிக்குப் போனார். முகத்துக்கு நன்றாக சோப்புப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி கையை நீட்டித் துழாவினார். விரலில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. எரிச்சலோடு ஒரு கண்ணைத் திறந்தார்.

நான்கு பக்கெட்டுகள். நான்கிலும் மஞ்சள் கோடு. மூன்று இன்னும் காயவில்லை.

"என் பக்கெட் எது?"

அடுப்படி வாசலில் அக்கா நின்றிருந்தாள். கையில் பிரஷ், விரலெல்லாம் மஞ்சள். அவளுக்குப் பின்னால் தங்கையின் மிஷின் பழைய இடத்திலேயே மறுபடி பூட்டியிருந்தது.

"எது கைக்குக் கிடைக்குதோ அதை எடுத்துக்குங்க," என்றாள்.

சோப்பு அவர் கண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது.